சுட்டியை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சமயத்தில், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "சார், வகுப்பில் போட்டுக் காட்டுவதற்கு நல்ல சாஃப்ட்வேர் ஏதாவது சொல்லுங்களேன்." தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை எழுத விரும்புகிறேன். கற்பித்தல் மென்பொருளின் முதல் பயன், ஒரு பாடத்தைப் பற்றி மாணவர் மனத்தில் ஏற்கெனவே என்ன எண்ணம் இருக்கிறது என்பதை ஆசிரியருக்குத் தெரியவைப்பது. படம் காட்டுவது அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வரிசை மாறும்போது எவ்வளவு விலையுயர்ந்த திரையை மாட்டினாலும் பயன் இல்லாமல் போகிறது.

கருவிகளுக்குப் பஞ்சம் என்று இன்று நாம் சொல்லிவிட முடியாது. 2011இல் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் பல பக்கங்களில் விரைவுக் குறியீடுகள் (QR) அச்சிடப்பட்டன. அவற்றை ஸ்கேன் செய்தால் மத்திய அரசு 2017இல் தொடங்கிய திக்‌ஷா தளத்திலுள்ள காணொளிகள் திறக்கின்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் மணற்கேணிச் செயலியும் வந்தன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்களும் அமைந்திருக்கின்றன. இவ்வளவும் நல்ல ஏற்பாடுகள். ஆயினும் பல வகுப்பறைகளில் இவற்றின் வழியாக நடப்பது காணொளி ஓட்டுவது மட்டுமே. விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடக் காணொளியை ஓட்டினால் பிள்ளைகள் அமைதியாகப் பார்ப்பார்கள், முடிந்ததும் "புரிந்ததா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். அந்தக் குரலிலிருந்து எதையும் நாம் தெரிந்துகொள்ள முடியாது. காணொளி தன் போக்கில் ஓடுகிறது. பார்ப்பவர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தாலும் அது நிற்பதில்லை, திரும்பிக் கேட்பதில்லை.

இனி, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் நான் செய்வதை விவரமாகச் சொல்கிறேன். ஒரு மின்கலத்துடன் ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த சுற்றைக் கரும்பலகையில் வரைந்து, எந்தப் பல்பு பிரகாசமாக எரியும் என்று கேட்பேன். நேர்முனைக்கு அருகிலுள்ளதா, எதிர்முனைக்கு அருகிலுள்ளதா, இரண்டும் ஒன்று போலவா என்ற மூன்று விடைகளையும் எழுதி, ஒவ்வொருவரும் தம் விடையைக் காரணத்துடன் நோட்டில் எழுதிய பிறகுதான் கை தூக்கச் சொல்வேன். எழுதாமல் கை தூக்கச் சொன்னால், வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் கையைப் பார்த்தே மற்றக் கைகள் உயரும். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு பெரும் பகுதி, நேர்முனைக்கு அருகிலுள்ள பல்பே பிரகாசமாக எரியும் என்று சொல்கிறது. ஒரு மாணவன் சொன்ன காரணம் இது: "மொதல்ல உள்ள பல்பு கரண்டக் குடிச்சிரும்லா சார், மிச்சம் உள்ளதுதான அடுத்ததுக்குப் போவும்." இது அறியாமையால் வந்த பதிலன்று, வாய்க்காலில் மேல்மடைக்காரர் தண்ணீரை எடுத்துக்கொண்டால் கடைமடைக்குக் குறைவாகத்தான் வரும் என்பதைக் கார் சாகுபடியிலும் பிசான சாகுபடியிலும் கண்ணால் கண்டு வளர்ந்த பிள்ளையின் தர்க்கம் அது. மின்னோட்டம் பல்பில் செலவழிந்து தீர்வதில்லை, ஆற்றல்தான் அங்கே ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது என்று பாடநூல் சொல்லும் வாக்கியத்தை அவன் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவான். மனத்துக்குள் இருக்கும் எண்ணம் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் ஃபெட் என்ற மென்பொருள் தொகுப்பைத் திறக்கிறேன். இயற்பியலுக்கான 2001ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இது; இதன் பாவனைச் சோதனைகள் (உண்மையான கருவிகளைப் போலவே திரையில் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் சோதனைகள்) இலவசமாகக் கிடைக்கின்றன, பலவற்றைத் தமிழிலும் திறக்கலாம். அதில் மின்சுற்று அமைக்கும் சோதனையை எடுத்து, 9 வோல்ட் மின்கலத்துடன் 10 ஓம் மின்தடையுள்ள இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு புள்ளிகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும், இரண்டு பல்புகளுக்கு இடையிலும், இரண்டாம் பல்புக்குப் பின்னும் அம்மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று இடங்களிலும் 0.45 ஆம்பியர் என்றே காட்டும். ஆயினும் என் வகுப்பில் அந்த மாணவனை அசைத்தது இந்த எண் இல்லை. புள்ளிகள் எதிர்முனையிலிருந்து கிளம்பி, அவன் "அடுத்தது" என்று சொன்ன பல்புக்குத்தான் முதலில் செல்கின்றன என்பதைக் கண்டதும், "அப்பம் அதுல்லா பிரகாசமா எரியணும்?" என்று அவனே கேட்டான். நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாகக் கொள்ளும் மரபு மின்னோட்டத்தின் திசையை எடுத்துக்கொண்டால் ஒரு பல்பு, எலக்ட்ரான் செல்லும் திசையை எடுத்துக்கொண்டால் இன்னொரு பல்பு என்று தன் கணக்கு தன்னையே மறுப்பதை அவன் கண்டுகொண்டான். அந்தப் பாவனையில் இரண்டு திசைகளையும் மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இருக்கிறது என்பதால், இதை வகுப்பு முழுவதும் பார்த்து வாதிட முடிந்தது. நோட்டில் அவன் முன்கூட்டியே எழுதியிருக்காவிட்டால் இந்த முரண்பாடு அவனுடையதாக ஆகியிருக்காது. திரையைப் பார்த்த உடனே "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று எவரும் சொல்லிவிடலாம்.

முன்கணித்தல், உற்றுநோக்கல், விளக்குதல் என்ற இந்த வரிசை கணினிக்காக உருவானது அன்று. அறிவியல் கல்வியில் நெடுங்காலமாக அறியப்பட்ட முறை. மென்பொருள் இதற்குத் தரும் கூடுதல் வலிமை, ஒரு மாணவர் "இப்படி மாற்றினால்?" என்று கேட்ட நொடியிலேயே மாற்றிப் பார்க்க முடிவதுதான். கம்பி அறுந்தால், மூன்றாவது பல்பைச் சேர்த்தால், ஒன்றைப் பக்க இணைப்பாக்கினால் என்று கேள்விகள் அடுக்கி வரும். உண்மையான பல்பும் கம்பியும் வைத்து அத்தனையையும் ஒரு பாடவேளைக்குள் செய்ய இயலாது.

ஆனால் உண்மையான பல்பையும் கம்பியையும் விட்டுவிடக் கூடாது. நான் டார்ச் பல்புகளையும் மின்கலங்களையும் கொடுத்துக் குழுக்களாகச் செய்யச் சொல்வதும் உண்டு. அங்கே நிலைமை திரையில் உள்ளதைப் போலச் சீராக இருக்காது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பல்புகள் அபூர்வமாகத்தான் ஒன்று போல எரியும்; முதல் பல்பு சற்றுப் பிரகாசமாக எரிந்துவிட்டால், "பாத்தீங்களா சார், நான் சொன்னது சரிதான" என்று ஒரு குழு ஆர்ப்பரிக்கும். அப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றி மாட்டச் சொல்வேன். பிரகாசம் பல்போடு சேர்ந்து இடம் மாறும். மின்கலத்துக்கு அருகிலுள்ள இடத்திலேயே தங்கிவிடாது. வேறுபாடு பல்பில் இருக்கிறது, இடத்தில் இல்லை என்று அவர்களே முடிவுக்கு வருகிறார்கள். பாவனையில் எல்லாப் பல்பும் ஒன்று போலவே இருப்பதால் இந்தப் பாடம் திரையில் கிடைக்காது. எலக்ட்ரானின் ஓட்டமோ மேசையில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

எதற்கு மென்பொருள் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை நான் இதை வைத்தே தீர்மானிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாதது, மிக மெதுவாகவோ மிக வேகமாகவோ நடப்பது, மிகப் பெரியது, ஆபத்தானது ஆகியவற்றுக்கு மென்பொருளை நாடலாம். சன்னலுக்கு வெளியே வயலில் நாற்று நடவு நடந்துகொண்டிருக்கும்போது நடவைத் திரையில் காட்டுவது வீண்; பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துச் செல்வதே சரி. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் காற்றாலையின் படம் தேவையில்லை, அதன் உச்சியிலுள்ள மின்னாக்கிக்குள் காந்தப்புலம் மாறுவதால் கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுவதுதான் காட்டப்பட வேண்டியது. "காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் வைத்துவிட்டால் பல்பு எரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். வலிமையான காந்தமாக இருந்தால் எரியும் என்று பலர் சொல்வார்கள். பாவனையில் காந்தத்தை உள்ளே நிறுத்தியதும் பல்பு அணைந்துவிடும். வெளியே இழுக்கும்போது மீண்டும் ஒரு கணம் மின்னும். காற்று நின்றால் காற்றாலையில் மின்சாரம் ஏன் நிற்கிறது என்று அதற்குப் பிறகு நான் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

கணிதத்தில் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ஜியோஜீப்ராவைப் பயன்படுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001ஆம் ஆண்டளவில் தம் முதுநிலை ஆய்வுப் பணியாகத் தொடங்கிய மென்பொருள் அது. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் செங்கோட்டு மையத்தை (மூன்று முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளியை) வரையும் பாடத்தில், குறுங்கோண முக்கோணம் ஒன்றைத் திரையில் வரைந்துவிட்டு, ஒரு முனையை இழுத்துக்கொண்டே போனால் செங்கோட்டு மையம் எங்கே செல்லும் என்று அவர் கேட்பார். பாடநூலிலும் கரும்பலகையிலும் அடிப்பக்கம் கிடையாக இருக்கும் முக்கோணங்களையே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, அது உள்ளேயே எங்காவது நகரும் என்றுதான் தோன்றும். முனை நகர நகர அந்தப் புள்ளி ஒரு மூலையை நோக்கிச் செல்லும். கோணம் 90 பாகையாகும் கணத்தில் முனைப்புள்ளியின் மேலேயே சரியாக அமரும். விரிகோணமானதும் முக்கோணத்தை விட்டு வெளியேறிவிடும். குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என்று மூன்று தனித்தனி வரைபடங்களாகப் படித்தது, தொடர்ச்சியான ஒரே நகர்வாகத் தெரியும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நான் பக்கத்து அறையிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

அவர் செய்யும் இன்னொரு காரியத்தையும் எல்லாக் கணித ஆசிரியர்களும் கைக்கொள்ள வேண்டும். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் இரண்டு தசம இடங்களுக்குக் காட்டச் சொல்லி, அவற்றைக் கூட்டச் சொல்வார். சில சமயம் 47.13, 61.32, 71.56 என்று காட்டும், கூட்டினால் 180.01 வரும். "கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது டீச்சர்" என்பார்கள். உண்மை அளவுகள் 47.126, 61.317, 71.557 என்று இருந்திருந்தால் கூடுதல் சரியாக 180; மூன்றையும் மேல்நோக்கி முழுமையாக்கியதால் 0.01 ஏறிவிட்டது. இதிலிருந்து அவர் நிரூபணத்துக்குச் செல்வார். ஆயிரம் முக்கோணங்களை இழுத்துப் பார்த்தாலும் அது பார்த்ததாகத்தான் ஆகும். எல்லா முக்கோணத்துக்கும் 180 பாகை என்று சொல்ல, இணைகோடு ஒன்றை வரைந்து கரும்பலகையில் நிறுவத்தான் வேண்டும். திரையில் பார்த்ததையே நிரூபணமாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் அவர் காட்டும் கவனத்தை நான் மதிக்கிறேன்.

வானியலுக்கு ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இருப்பிடத்தை நம் ஊராக மாற்றுவது முதல் வேலை. பலர் இதைச் செய்யாமலேயே எங்கோ ஒரு நாட்டின் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால் துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கு அடிவானிலிருந்து ஏறத்தாழ ஒன்பது பாகை உயரத்திலேயே இருக்கிறது. பனைமரமோ மாடி வீடோ அதை எளிதில் மறைத்துவிடும். நண்பகலில் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டால் "உச்சியில்" என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இருமுறைதான்: ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசி நாள்களில் ஒருமுறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் இது தலைகீழாகும். மென்பொருளில் நாளை மாற்றி இதைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் இறுதியில் மைதானத்தில் ஒரு கம்பை நட்டு நிழலை அளக்கச் சொல்வேன். நிழல் மிகக் குறுகும் நேரம் 12 மணி இல்லை, 12.20 அளவில் என்று கண்டுபிடித்தவுடன் அடுத்த கேள்வி தானாக எழும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, நாம் 77.7 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 19 நிமிடம். புவியியல் பாடத்தில் வெறும் சூத்திரமாக இருந்த கணக்கு, அவர்கள் கையிலிருக்கும் கம்பின் நிழலோடு பொருந்திவருகிறது.

எந்தப் பாடமானாலும் வகுப்பின் எண்ணங்களைத் திரட்டுவதற்கு எளிய வழி ஒன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கைபேசி இருக்க வேண்டியதில்லை. பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கு அச்சிட்ட தாள் அட்டைகள் போதும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிக்கும். தாம் தேர்ந்த விடை மேல்பக்கம் இருக்குமாறு பிள்ளைகள் பிடித்துக்கொண்டால், ஆசிரியர் தம் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தும்போதே விடைகள் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது. ஆர்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தம் வகுப்பில் தொடங்கிய சக மாணவர் வழிக் கற்பித்தல் முறைக்கு இது மிகவும் பொருந்தும். சரியான விடை சொன்னவர்கள் 30 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால், விடையைச் சொல்லிவிடாமல் பக்கத்திலிருப்பவருடன் இரண்டு நிமிடம் வாதிடச் சொல்லி மறுபடியும் அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் பாடத்தையே வேறு விதமாக நடத்த வேண்டும். கூடுதலாக இருந்தால் மேலே செல்லலாம்.

இதில் உழைப்பு முழுவதும் தவறான விடைகளைத் தயாரிப்பதில்தான் இருக்கிறது. −3 − 5 என்ன என்று கேட்டு, −8, −2, 8, 53 என்று விடைகள் கொடுத்தால் 53 என்பது வீணாய்ப் போன இடம். யாரும் அதைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. 8 என்று சொல்பவர் "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்ற பெருக்கல் விதியை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார். −2 என்று சொல்பவர் இரண்டையும் கழித்துப் பெரிய எண்ணின் குறியை இட்டிருக்கிறார். இருவருக்கும் தேவைப்படும் விளக்கம் வெவ்வேறு. மென்பொருள் தரும் "வகுப்பின் சராசரி 58 விழுக்காடு" என்ற அறிக்கையில் இது எதுவும் தெரியாது. எந்தப் பிள்ளை எந்தத் தவறான விடையைத் தேர்ந்தது என்ற பட்டியலைத் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடங்களே ஆசிரியருக்கு அதில் கிடைக்கும் மெய்யான லாபம்.

கணினி வாங்கிக் கொடுத்தாலே கற்றல் உயர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குப் பெரு நாட்டின் அனுபவம் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அந்நாட்டுக் கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஏராளமான கணினிகள் வழங்கப்பட்டன. 2012இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்ததற்கான சான்று இல்லை என்று காட்டியது. மாறாக, டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் உடனாய்வாளர்களும் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நேரத்துக்குப் பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளில் நாலரை மாதங்கள் பயின்ற நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணினியில் இல்லை. டெல்லியில் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகுப்பு நிலையில் இருக்கிறது என்பதைச் சோதித்து, அங்கிருந்தே கணக்குகளைக் கொடுத்தது. அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தையே திரையில் அழகாகக் காட்டியிருந்தால் பெருவின் கதைதான் நடந்திருக்கும். நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்ததும் இதே அடிப்படையில்தான். அதில் அட்டைகளும் பாடல்களும் செயல்பாடுகளுமே முதன்மையாக இருந்தன. பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவாத மென்பொருளை, அதன் படங்கள் எவ்வளவு கண்ணைக் கவர்ந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் வரும் போகும். இணையத்தை நம்பிப் பாடவேளையைத் திட்டமிடாதீர்கள். ஃபெட் பாவனைகளை ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம். இணையமில்லாமல் எந்த உலாவியிலும் திறக்கும். கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு மடிக்கணினியில் நிறுவினால், அதையே மையமாக வைத்து ஹைடெக் லேபிலுள்ள மற்றக் கணினிகளும் உள்வலையில் பாடங்களைத் திறக்க முடியும். இதற்கும் வெளி இணையம் தேவையில்லை. ஆற்றங்கரைப் பள்ளிகளில் இருப்பவர்கள் கணினிகளைத் தரைத்தளத்தில் வைக்க வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 40 நிமிடப் பாடவேளையில் திரை பத்து நிமிடத்துக்கு மேல் ஒளிர வேண்டியதில்லை. புரொஜக்டரை மணி அடிப்பதற்கு முன்பே தயார் செய்துவிட வேண்டும். விசைப்பலகையை ஆசிரியர் கையில் வைத்துக்கொள்ளாமல், வழக்கமாகக் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, நாம் வகுப்பின் பக்கவாட்டில் போய் நிற்பது நல்லது. அங்கே நின்றால் திரையும் தெரியும், அதைப் பார்க்கும் பிள்ளைகளின் முகமும் தெரியும். புருவம் சுருங்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லலாம்.

இன்னொன்றையும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளிகள் நடந்து வருகின்றன. அந்த ஊருக்கு அருகில் இருந்துகொண்டு, கண்ணால் பார்த்தால் மட்டுமே பயன்படும் மென்பொருளையும், வசன வரிகள் இல்லாத காணொளியையும் நாம் சாதாரண வகுப்புகளில் தயக்கமின்றிப் பயன்படுத்துவது முறையில்லை. நம் வகுப்புகளிலும் கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையும், ஒரு காதில் சரியாகக் கேட்காத பிள்ளையும் இருக்கிறார்கள்; பல சமயம் வீட்டாருக்கே அது தெரிந்திருக்காது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் உங்கள் வகுப்பில் இருந்தால், எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்கும் முன் அதன் பொத்தான்களைச் சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் இயக்க முடிகிறதா, திரைவாசிப்பான் அவற்றை வாசிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இந்தக் கல்வியாண்டில் நாங்கள் சில அறிவியல், கணித ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு தொகுப்பைத் தொடங்கியிருக்கிறோம். மென்பொருள்களின் பட்டியலைத் தொகுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, அது எங்கும் கிடைக்கும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பாடத்திலும், திரையைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, அதற்கு நம் பிள்ளைகள் உண்மையில் எழுதிய தவறான விடைகள், அவர்கள் சொன்ன காரணம் அவர்கள் மொழியிலேயே, அதன் பிறகு எந்தப் பாவனையில் எதை மாற்றிக் காட்டலாம் என்ற குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வருகிறோம். மின்னோட்டவியலும் ஒளியியலும் ஓரளவு முடிந்திருக்கின்றன. வேதியியலில் மோல் கருத்தும், உயிரியலில் சவ்வூடு பரவலும் இன்னும் தொடப்படவில்லை. உங்கள் வகுப்பில் இந்தப் பாடங்களை நடத்தும்போது பிள்ளைகள் எழுதும் விடைகளை, முக்கியமாகத் தவறான விடைகளை, பெயர் குறிப்பிடாமல் எழுதி அனுப்பினால் அடுத்த பருவத்துக்குள் அவற்றையும் சேர்த்துவிடலாம்.